கால் பைபாஸ்: ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஆண்டுகள்

சர்க்கரை நோய் இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. கால் புண்ணோடு மருத்துவமனைக்கு அலையும் பெரியவர் ஒருவர் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். முதலில் ஒரு சிறிய புண். பிறகு இரவில் தூங்கவிடாத வலி. பிறகு ஒரு விரல் கறுத்துப் போகிறது. அப்போது டாக்டர், "காலுக்கு இரத்தம் போகவில்லை, பைபாஸ் செய்து பார்க்கலாம், இல்லையென்றால் காலை எடுக்க வேண்டிவரும்" என்கிறார். இதயத்துக்குப் பைபாஸ் செய்வது நமக்குத் தெரியும். காலுக்கும் உண்டா? செய்தால் கால் பிழைக்குமா? எத்தனை வருடம் தாங்கும்?

முதல் இரண்டு கேள்விகளுக்கு மருத்துவமனையிலேயே பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதே இல்லை. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆனால் கால் பைபாஸின் உண்மையான வெற்றியும் தோல்வியும் அதற்குப் பிறகு வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும்தான் தீர்மானமாகின்றன. அதில் பெரும்பங்கு வீட்டாரின் கையில் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடைப்பு எங்கே ஏற்படுகிறது?

இதயத்தில் இருந்து புறப்படும் சுத்த இரத்தம் தமனி எனப்படும் குழாய்களில் ஓடுகிறது. வயிற்றின் பெரிய தமனி தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து, தொடையிடுக்கு வழியாகத் தொடைக்கு வந்து, முழங்காலின் பின்புறம் இறங்கி, அதற்குக் கீழே மூன்று சிறு கிளைகளாகிப் பாதத்தை அடைகிறது. இந்தப் பாதையில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. புகைப்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும், சர்க்கரை நோயாளிகளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள சிறு கிளைகளிலும் அடைப்பு அதிகம் காணப்படுகிறது.

இந்நோயில் இரண்டு நிலைகளைப் பிரித்து அறிய வேண்டும். முதல் நிலையில், கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். இவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் காலை இழப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. புகையை நிறுத்துவது, மருந்து, வலி வரும்வரை நடந்து நின்று மீண்டும் நடக்கும் தினசரிப் பயிற்சி ஆகியவையே இவர்களுக்கு முதல் சிகிச்சை. பைபாஸுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது நிலை வேறு. படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் புண் ஆறாது; விரல் கறுக்கும். இது காலுக்கே ஆபத்தான நிலை. இங்கே நாட்களைக் கடத்துவது காலைக் கடத்துவதாகும். எண்ணெய், களிம்பு, கட்டு என்று மாதக்கணக்கில் போக்கிவிட்டு, கடைசியில் மருத்துவமனைக்கு வரும்போது இரத்தம் கொண்டுசேர்க்கப் பாதம் மிச்சமிருக்காது.

நடுத்தர வயதுக்கும் குறைந்த இளைஞர்களுக்கு இந்த அறிகுறிகள் வந்தால், பெரும்பாலும் பீடி, சிகரெட்தான் காரணம். 1908இல் லியோ பர்கர் என்ற மருத்துவர் விரிவாக விளக்கியதால் இதைப் பர்கர் நோய் என்கிறார்கள். இதில் பாதத்தின் சிறு குழாய்களே மூடிவிடுவதால், பைபாஸ் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் கிடைப்பது அரிது. புகையிலையை அடியோடு விடுவதைத் தவிர இவர்களின் காலைக் காக்கும் உறுதியான மருந்து வேறில்லை.

கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரோடு ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. அந்த விகிதம் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு இருப்பதாகப் பொருள். ஆனால் நீண்டகால சர்க்கரை நோயில் குழாய்கள் கல்போல் இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் இந்த எண் சரியாக இருப்பதுபோல் காட்டலாம். அத்தகையவர்களுக்குக் கால் விரலின் பிரஷரையும் டாப்ளர் ஸ்கேனையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுப்பாதை போடுவது எப்படி?

சாலையில் பாலம் உடைந்தால் பக்கத்தில் தற்காலிகப் பாதை போடுவார்கள் அல்லவா? அதேபோல் அடைப்புக்கு மேலே ஒரு இடத்தில் இருந்து அடைப்புக்குக் கீழே ஒரு இடத்துக்குப் புதுக் குழாய் ஒன்றைத் தைத்து இணைப்பதுதான் பைபாஸ். அந்தப் புதுக் குழாயை டாக்டர்கள் கிராஃப்ட் என்கிறார்கள்.

இரத்தக் குழாய்களைத் தைக்கும் முறையை உருவாக்கிய அலெக்சி காரெலுக்கு 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காலில் நீளமான சிரை பைபாஸ் வர மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1948இல் பாரிஸில் ழான் குன்லின் என்ற அறுவை மருத்துவர், கால் அழுகத் தொடங்கியிருந்த ஒரு நோயாளிக்கு அவருடைய சிரையையே எடுத்து மாற்றுப்பாதை அமைத்தார். 1952இல் அமெரிக்காவின் ஆர்தர் வூர்ஹீஸ் துணியால் செய்த குழாயை மனிதருக்குப் பொருத்தினார். இன்றும் அடிப்படையில் இந்த இரண்டு வகைதான்: நோயாளியின் சொந்தச் சிரை, அல்லது பாலியஸ்டர், டெஃப்லான் வகைப் பொருளில் செய்த செயற்கைக் குழாய்.

கணுக்காலின் உள்பக்கத்தில் இருந்து தொடையிடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட சிரைதான் முதல் தேர்வு. சிரைக்குள் இரத்தத்தை ஒரே திசையில் விடும் சிறு தடுப்பிதழ்கள் உண்டு. ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவார்கள், அல்லது இருந்த இடத்திலேயே வைத்து அந்த இதழ்களை வெட்டிவிடுவார்கள். இதே சிரையைத்தான் இதயப் பைபாஸுக்கும் எடுக்கிறார்கள். முன்பே இதய ஆபரேஷன் ஆனவருக்குக் காலில் சிரை மிச்சமில்லாமல் போகலாம். அப்போது கையின் சிரையைத் தேடுவார்கள். எனவே பழைய ஆபரேஷன் சீட்டுகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

எத்தனை ஆண்டு தாங்கும்?

இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் இருந்து எந்த இடம் வரை, எந்தக் குழாயால் என்பதைப் பொறுத்தது. வயிற்றின் பெரிய தமனியில் இருந்து இரு தொடையிடுக்குகளுக்கும் போடும் பைபாஸ் மிக நீண்ட ஆயுள் உடையது. பத்து ஆண்டுக்குப் பிறகும் ஏறத்தாழ பத்தில் எட்டு ஓடிக்கொண்டிருக்கும். அங்கே பெரும்பாலும் செயற்கைக் குழாயே பயன்படுகிறது. அகலமான இடம் என்பதால் அது போதும். தொடையில் இருந்து முழங்கால் வரை சொந்தச் சிரையால் போட்டால் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு தாங்கும். அதே இடத்தில் செயற்கைக் குழாய் பாதியளவில் நின்றுவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் குழாயின் ஆயுள் இன்னும் குறைவு. பாதத்தை நோக்கிப் போகப்போகச் சொந்தச் சிரையின் அருமை கூடுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,404 நோயாளிகளிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வை இங்கே கவனிக்க வேண்டும். எல்லோரும் கால் போகும் நிலையில் இருந்தவர்கள். எல்லோருக்கும் சொந்தச் சிரையால் பைபாஸ் செய்யப்பட்டது. ஒரு ஆண்டு முடிவில், எந்த மறுசிகிச்சையும் தேவைப்படாமல் ஓடிக்கொண்டிருந்த கிராஃப்ட்கள் 61 சதவீதம். இடையில் குறுகியவற்றையும் அடைத்தவற்றையும் கண்டுபிடித்துச் சரிசெய்தவற்றைச் சேர்த்தால் 80 சதவீதம். காலை இழக்காமல் இருந்தவர்கள் 88 சதவீதம். உயிரோடு இருந்தவர்கள் 84 சதவீதம்.

இந்த நான்கு எண்களை நிதானமாகப் படித்தால் பல உண்மைகள் விளங்கும். 61க்கும் 80க்கும் இடையில் உள்ள வித்தியாசம், மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்து, தேவையானபோது சரிசெய்துகொண்டதால் கிடைத்தது. 80க்கும் 88க்கும் இடையில் உள்ள வித்தியாசம், கிராஃப்ட் அடைத்துப்போன எல்லோரும் காலை இழப்பதில்லை என்று காட்டுகிறது. திறந்த புண் ஆறுவதற்கு நிறைய இரத்தம் வேண்டும். ஆறிய தோல் உயிரோடு இருக்கக் குறைந்த இரத்தம் போதும். புண் ஆறும்வரை கிராஃப்ட் ஓடியிருந்தாலே பலருக்குக் கால் தங்கிவிடும். கடைசி எண் மிகக் கசப்பானது: நூற்றில் பதினாறு பேர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

பலூனா, பைபாஸா?

இன்று பல இடங்களில் தொடையில் சிறு துளை போட்டு, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய வெட்டு இல்லை, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படியானால் பைபாஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு.

2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ என்ற ஆய்வில் அமெரிக்கா, கனடா, பின்லாந்து, இத்தாலி, நியூசிலாந்து நாடுகளின் 1,830 நோயாளிகள் பங்கேற்றார்கள. நல்ல நீண்ட சிரை உள்ளவர்களில், காலை இழத்தல், பெரிய மறுசிகிச்சை, மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், பலூன் பிரிவில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களில் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்த ஆண்டே, பெரும்பாலும் பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்த பேசில்-2 என்ற ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரில், காலையோ உயிரையோ இழந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 63 சதவீதம். பலூன் பிரிவில் 53 சதவீதம். இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் பலூன் பிரிவில் மரணங்கள் குறைவாக இருந்ததுதான்.

இரண்டும் நேர்மையாக நடந்த ஆய்வுகள்தாம். ஆனால் நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். அடைப்பு இருந்த இடமும் ஒன்றல்ல. இவற்றில் இருந்து குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: நல்ல சிரை இருக்கிறதா, இதயமும் சிறுநீரகமும் பெரிய ஆபரேஷனைத் தாங்குமா, இன்னும் பல ஆண்டுகள் வாழும் வாய்ப்பு உள்ளவரா என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் பைபாஸின் பக்கம் தட்டு சாயும். உடல் மிகவும் தளர்ந்தவர், கடுமையான இதய நோய் உள்ளவர் என்றால் பலூன் பாதுகாப்பானதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எது பலித்தது என்பது இங்கே அளவுகோல் ஆகாது.

கிராஃப்ட் எப்போது, ஏன் அடைக்கிறது?

கிராஃப்ட் கெடுவதற்கு மூன்று காலகட்டங்கள் உண்டு. முதல் மாதத்தில் அடைத்தால் பெரும்பாலும் தையலிலோ, சிரையின் தரத்திலோ, கீழே இரத்தம் வடிந்து போகும் குழாய்களிலோ உள்ள குறை காரணம். ஒரு மாதத்தில் இருந்து இரண்டு ஆண்டு வரை நடப்பது வேறு: புதிய வேகத்தில் இரத்தம் பாய்வதைச் சந்திக்கும் சிரை தன் உட்சுவரைத் தழும்புபோல் தடிமனாக்கிக்கொள்கிறது. அதனால் உள்வழி மெதுவாகக் குறுகுகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு பழைய நோயான கொழுப்புப் படிவே மேலும் கீழும் வளர்ந்து வழியை மூடுகிறது.

நடுக்கட்டத்தில் ஏற்படும் குறுகலுக்கு ஆரம்பத்தில் வலி இருக்காது. நோயாளி நன்றாக நடந்துகொண்டிருப்பார். அப்போதே ஸ்கேனில் பிடித்துவிட்டால் ஒரு பலூனோ சிறு திருத்தமோ போதும். முழுவதும் அடைத்து இரத்தம் உறைந்த பிறகு வந்தால், மீட்பது கடினம். மீட்டாலும் நீடிப்பது அரிது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்தவுடனும், 3, 6, 12 மாதங்களிலும், பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் டாப்ளர் ஸ்கேனும் கணுக்கால் பிரஷர் சோதனையும் செய்யச் சொல்கிறார்கள். "வலியே இல்லையே, எதற்குப் போக வேண்டும்?" என்ற பேச்சில்தான் பல கிராஃப்ட்கள் போய்விடுகின்றன.

கிருமி தொற்றினால்

இதுவே பைபாஸின் மிகப் பெரிய ஆபத்து. சொந்தச் சிரையில் இது அரிது. செயற்கைக் குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஆறு பேர் வரை இந்தத் தொல்லை வருகிறது. தொடையிடுக்கில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த இடம் வியர்வையும் ஈரமும் நிறைந்தது என்பதால் அங்கேதான் அதிகம். சில மாதங்களில் வரலாம். பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

ஆறிய தழும்பில் இருந்து நீரோ சீழோ கசிவது, தோல் சிவந்து வீங்குவது, காரணம் தெரியாத காய்ச்சல், தொட்டால் நாடிபோல் துடிக்கும் கட்டி ஆகியவை அடையாளங்கள். இரத்தம் பீறிட்டால் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. கையை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

கிருமி பிடித்த செயற்கைக் குழாயை ஊசி, மாத்திரையால் மட்டும் சரிசெய்வது பெரும்பாலும் இயலாது. கிருமி அந்தப் பொருளின் மீது படலம்போல் ஒட்டிக்கொள்வதால் மருந்து முழுவதும் போய்ச் சேராது. குழாயை எடுத்துவிட்டு, அதே இடத்தில் நோயாளியின் தொடைச் சிரையையோ, பதப்படுத்திய மனிதத் தமனியையோ, கிருமிநாசினி ஏற்றிய குழாயையோ வைப்பார்கள். அல்லது கிருமி உள்ள இடத்தை முற்றிலும் தவிர்த்து, தோள்பட்டைக்குக் கீழே இருந்து விலாப் பக்கமாகத் தொடைக்கு இறக்கும் சுற்றுப்பாதை போடுவார்கள். இடுப்பெலும்பில் உள்ள துளை வழியாகத் தொடைக்குக் கொண்டுபோகும் முறையும் உண்டு. செயற்கைக் குழாயே இல்லாமல் தமனியே கிருமியால் அரித்துப் புடைத்துவிட்டாலும் இதே வழிகள்தாம்.

இந்த இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். சுற்றுப்பாதைகளின் ஆயுளும் குறைவு. மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுவதும் தொடரும். உயிரும் காலும் போகும் ஆபத்து இதில் அதிகம். சில வேளைகளில் காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும் ஒரே வழி என்று டாக்டர் சொல்வார். "முழு உடம்போடுதான் மௌத்தாக வேண்டும்" என்று சொல்லி அதை மறுக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. அவர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் உயிரைக் காப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. உயிரைக் காக்க உறுப்பை இழக்க நேர்வது குற்றமல்ல. எடுத்த காலைக் கண்ணியமாக அடக்கம் செய்துவிடலாம். இந்த நேரத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் வாதிட்டு நாட்களைக் கடத்துவதுதான் பெரும் ஆபத்து.

கால் தப்பியது, இதயம்?

முன்பு விட்டுவைத்த எண்ணுக்கு வருவோம். காலின் குழாய் அடைத்திருக்கிறது என்றால் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில் நல்ல சிரையோடு பைபாஸ் செய்துகொண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் அந்த ஆய்வுக் காலத்துக்குள், அதாவது சராசரியாக மூன்று ஆண்டுக்குள் இறந்துவிட்டார்கள். கால் போகும் நிலைக்கு வந்தவர்களில் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் உயிரோடு இருப்பதில்லை. இவர்களைக் கொண்டுபோவதில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. காலில் வந்த புண் உடம்பு முழுவதற்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கை. ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, பிரஷர், சர்க்கரை மருந்துகள் ஆகியவை காலுக்காக மட்டும் தரப்படுபவை அல்ல; உயிருக்காகத் தரப்படுபவை. புண் ஆறியதும் இவற்றை நிறுத்துபவர்கள் மிகப் பெரிய தவறு செய்கிறார்கள்.

2020இல் வெளியான ஓர் ஆய்வில் 6,564 பேர் பங்கேற்றார்கள். ஆஸ்பிரினோடு ரிவரொக்சபான் என்ற மருந்தை 2.5 மில்லிகிராம் அளவில் தினம் இருவேளை சேர்த்தபோது, காலையும் இதயத்தையும் தாக்கும் பெரும் விபத்துகள் மூன்று ஆண்டில் 19.9 சதவீதத்தில் இருந்து 17.3 சதவீதமாகக் குறைந்தன. கூடவே இரத்தக் கசிவு சற்றுக் கூடியது. எனவே இது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்தல்ல.

புகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகும் புகைப்பவர்களின் கிராஃப்ட் அடைக்கும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பல இலட்சம் செலவழித்துப் போட்ட பாதையைச் சில ரூபாய்ப் பீடி மூடிவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஆபரேஷன் ஆன கால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வீங்கியிருக்கும். தழும்பு ஓரம் மரத்துப்போகும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். உட்காரும்போது காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஆனால் கால் திடீரென்று குளிர்ந்து, வெளுத்து, வலித்தால் அது அவசரம். மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது.

தினமும் இரவில் ஒருவர் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். கண் பார்வை மங்கிய பெரியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாது. உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம், சூடான மணல் மூட்டை எதுவும் வேண்டாம், வெந்துபோனால்கூடத் தெரியாது. ஆணியை பிளேடால் சீவக் கூடாது.

உளூவுக்குப் பிறகு விரல் இடுக்குகளை உலரத் துடையுங்கள். புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், கட்டின் மீது மஸஹ் செய்யவும் தயம்மும் செய்யவும் சலுகைகள் இருக்கின்றன; ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் விவரங்கள் மாறும் என்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலை முழுவதும் மடக்கலாமா என்பதை ஆபரேஷன் செய்தவரிடம் கேளுங்கள். கிராஃப்ட் முழங்காலைத் தாண்டிப் போகிறது என்றால் சிலருக்கு அவர் தடை சொல்லலாம். அப்போது நாற்காலியில் தொழுவதில் கூச்சம் வேண்டாம். வெயிலில் காய்ந்த பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பது இவர்களுக்கு ஆகாது. விலாப் பக்கமாகச் சுற்றுப்பாதை போட்டவர்கள் இடுப்பில் பச்சை பெல்ட்டை இறுக்கிக் கட்டக் கூடாது. அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கவும் கூடாது.

நோன்பு நோற்பது பற்றி ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். மருந்து நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா, இன்சுலின் அளவு என்ன என்று அவர்தான் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவு ஆகாது. உம்ரா, ஹஜ் போகிறவர்கள் இஹ்ராமில் அணியும் செருப்பை முன்பே போட்டுப் பழகி, காலைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

ஆபரேஷனுக்கு ஒப்புதல் தரும் முன் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

• சொந்தச் சிரை கிடைக்குமா? ஸ்கேனில் அளந்து பார்த்தீர்களா?
• பலூன் சிகிச்சை இவருக்கு ஏன் பொருந்தும், அல்லது ஏன் பொருந்தாது?
• இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன?
• புண்ணும் விரலும் எந்த அளவுக்குத் தப்பும்?
• அடுத்த ஸ்கேன் எப்போது, எங்கே?
• எந்த மாத்திரை ஆயுள் முழுவதும்?

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இரத்தக் குழாய் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஜும்ஆவில் அறிவித்து, பைத்துல்மாலில் இருந்து எடுத்துக் கொடுத்து, ஒரே வாரத்தில் பணம் திரட்டிவிடுகிறோம். அது நல்ல அமல். ஆனால் அதற்குப் பிறகு மாதாமாதம் வாங்க வேண்டிய மாத்திரைக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ஸ்கேனுக்கும், மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிச் செலவுக்கும் யாரும் கேட்பதில்லை. நோயாளியும் மீண்டும் கையேந்தக் கூச்சப்படுகிறார். அந்தச் சிறு தொகை இல்லாமல் முதலில் கொடுத்த பெருந்தொகை வீணாகிவிடக்கூடும். உதவித் தொகையை ஒரே தவணையில் கொடுத்து முடிக்காமல், ஒரு பகுதியைப் பின்தொடர் சிகிச்சைக்கு என்று ஒதுக்கிவைத்து, ஒரு இளைஞரை அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பாக நியமித்தால், ஒரு காலும் சில வேளை ஓர் உயிரும் தப்பும்.

உங்கள் வீட்டில் கால் பைபாஸ் ஆன ஒருவர் இருந்தால், இன்று அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கடைசியாக ஸ்கேன் எடுத்தது எப்போது? மாத்திரை தீராமல் இருக்கிறதா? பதில் சரியாக இல்லை என்றால் இந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.